கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர்



ஜெர்மனியில் மரபியல் படிக்கும் மாணவன் நான். இங்கு பவேரியா மாநிலத்தில் நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா, அரசு விடுமுறை. அன்று பிற்பகல் மக்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடுவார்கள். குருவானவர் கல்லறைகளை மந்திரிப்பார். கடந்த ஆண்டு அந்தச் செபத்தில் பங்கெடுத்துவிட்டு அறைக்குத் திரும்பியதும் அம்மா தொலைபேசியில் பேசினார்கள். “நம்ம பக்கம் எல்லாம் வெள்ளையடிச்சாச்சு, தம்பி” என்றார்கள்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் தலித் கிறிஸ்தவர்களை அடக்கம் செய்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே திருமுழுக்கு, ஒரே நற்கருணை. ஆனால் இறந்தபின் இரண்டு இடங்கள். அந்தச் சுவரைப் பார்த்தே வளர்ந்த நான், அது ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நான் படிக்கும் பாடமே இப்போது அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறது. எந்த இரண்டு மனிதரின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டாலும் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றாகவே இருக்கும். ஹைதராபாத் அறிவியலாரும் ஹார்வர்டு அறிவியலாரும் இணைந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்திய மக்கள் தங்களுக்குள் பரவலாகக் கலந்து வாழ்ந்தனர். அதன் பின்னரே சொந்தக் குழுவுக்குள் மட்டும் மணமுடிக்கும் வழக்கம் இறுகியது என்கிறது அது. அப்படியானால் ‘தூய இரத்தம்’ என்று பெருமை பேச யாருக்கும் இடமில்லை.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்குரிய உரிமையை இந்துக்களுக்கு மட்டுமே தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. இது அநீதி என்று நாம் ஊர்வலம் போகிறோம். போகத்தான் வேண்டும். ஆனால் சுவரை வைத்துக்கொண்டு அரசிடம் சமத்துவம் கேட்க நமக்கு எப்படி வாய் வரும்? 2003இல் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதி வேற்றுமை கிறிஸ்தவ வாழ்வுக்கு முரணானது என்று எச்சரித்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2016இல் தலித் மக்களின் முன்னேற்றத்துக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது.

கொரிந்து நகர்ச் சபையில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டனர், ஏழைகள் பசியோடிருந்தனர். அப்படிக் கூடுவது ஆண்டவரின் திருவிருந்தே ஆகாது என்று புனித பவுல் கடிந்துகொண்டார் (1 கொரிந்தியர் 11). நம் பங்குக்கு அவர் வந்தால் எங்கே போய் நிற்பார்?

எனக்கு முதன்முதலில் செபம் சொல்லிக்கொடுத்த மறைக்கல்வி ஆசிரியை சுவரின் அந்தப் பக்கம்தான் துயில்கொள்கிறார். அவருடைய கல்லறையில் நான் ஒரு மெழுகுதிரிகூட ஏற்றியதில்லை. அன்று அம்மாவிடம், “டீச்சர் கல்லறையில எனக்காக ஒரு திரி ஏத்துங்கம்மா” என்றேன். சற்றுநேரம் பதில் இல்லை. பிறகு, “சரி தம்பி, நானே போறேன்” என்றார்கள்.

சுவர் இன்னும் நிற்கிறது. வருகிற கல்லறைத் திருநாளில் நீங்களும் ஒரு மெழுகுதிரி கூடுதலாக எடுத்துச் செல்வீர்களா?