ஒரு கிணற்றுக்கு எத்தனை துறைகள்?

பல ஆண்டுகள் கழித்துச் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். வீடு இடிந்திருந்தால் ஒரு கொட்டில் போடலாம். கிணறு கெட்டிருந்தால் குடியிருக்கவும் முடியாது, தோட்டம் செய்யவும் முடியாது. இடம்பெயர்ந்து உடுப்பிட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் தங்கியிருப்போருக்கும் இதே கவலைதான். 'இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?' என்ற கேள்விக்கு ஒரு துறையை மட்டும் படித்தவரால் விடை சொல்ல முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

கல்லும் நீரும் பசளையும்

யாழ். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புநீர் மேலெழும். துலா மிதித்து இறைத்த காலத்தில் உடம்பின் களைப்பே ஓர் எல்லையாக இருந்தது. இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது.

அதே வெடிப்புகளால் வேறு பொருட்களும் இறங்குகின்றன. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியா, மாட்டெரு, மலசலகூடக் குழி ஆகியவற்றிலுள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. பயிர் எடுத்தது போக மிகுதி கிணற்றுக்கு வருகிறது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இது கூடுதலாக இருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வந்துள்ளனர். இதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்டால், புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கே பெரிய ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்க, குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆகவே கல்லைப் புவிச்சரிதவியலாளரும், நீரை இரசாயனவியலாளரும், பசளையை விவசாய விஞ்ஞானியும், குழந்தையை வைத்தியரும் பார்க்க வேண்டும். யூரியாவைக் குறைத்தால் கமக்காரரின் வருமானமும் கடனும் என்னவாகும் என்று பொருளியலாளர் கணக்குப் பார்க்க வேண்டும். இவர்கள் ஒன்றாக அமர்ந்து ஒரே பிரச்சினையை ஆராய்வதையே பல்துறை ஆய்வு என்கிறோம்.

பல்கலைக்கழகமும் நாமும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி வளவில் ஒரு வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. 1990இல் கிளிநொச்சியில் ஆரம்பித்த அதன் விவசாய பீடம் போரினால் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னரே அறிவியல் நகருக்குத் திரும்பியது. இடம்பெயர்வு என்றால் என்னவென்று அதற்கும் தெரியும்.

ஆயினும் ஆய்வு ஆங்கிலச் சஞ்சிகைகளோடு நின்றுவிட்டால் கிணற்றடிக்கு வந்து சேராது. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது பற்றிய பிரச்சினை எழுந்தபோது, நிபுணர் குழுக்கள் ஒன்றுக்கொன்று மாறான முடிவுகளைச் சொல்லின. எதை நம்புவதென்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தொடக்கத்திலேயே எல்லாத் துறையினரும் சேர்ந்து ஆராய்ந்து, தமிழில், மக்கள் முன்னிலையில் விளக்கியிருந்தால் தவிப்பு குறைந்திருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

1. உங்கள் கிணற்றின் வரலாற்றைக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஆழம் எவ்வளவு, எந்தக் கோடையில் உவர்த்தது, என்ன பசளை இட்டீர்கள்? காணி இன்னும் கைக்கு வராதவர்களும் நினைவிலிருந்து எழுதலாம். ஆய்வாளரிடம் இல்லாத அறிவு இது.

2. மாணவர்கள் நீர் மாதிரி எடுக்க வந்தால் இடங்கொடுங்கள். முடிவைத் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

3. கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள். முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலே சிறந்தது.

4. ஆலய மண்டபம், பாடசாலை, சனசமூக நிலையம் ஆகியவற்றை இவ்வாறான கூட்டங்களுக்குத் திறந்துவிடுங்கள்.

ஆபிரகாமின் கிணறுகளைப் பெலிஸ்தர் மண்போட்டுத் தூர்த்தார்கள். மகன் ஈசாக்கு திரும்பி வந்து அவற்றை மறுபடி தோண்டினான். தகப்பன் இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டான். கிணறு எங்கே இருந்தது என்பதை யாரோ மறவாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. அந்த நினைவு உங்களிடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் படிப்போடு அதுவும் சேரட்டும்.