கிருபை கண்டவர்கள் – 9: தோட்டத்துக்கு நடுவே ஒரு வழி

கடலில் ஜான் நியூட்டனை உலுக்கிய 1748 புயலையும், அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்த அவர் 1754இல் கடலை விட்டதையும் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த வாரம் அடிமை வியாபாரத்தைப் பற்றிய அவருடைய 1788 வாக்குமூலத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஓல்னி ஊரின் பழத்தோட்டம் ஒன்று என்னை நிறுத்திவிட்டது.

ஓல்னி, இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில், லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகளின் ஊர். 1764இல் நியூட்டன் அங்கே ஊழியத்துக்கு வந்தார். கவிஞர் வில்லியம் கூப்பர் 1767இல் வந்து சேர்ந்தார். நியூட்டனின் குருமனைக்கும் கூப்பர் வீட்டுக்கும் நடுவே வேறொருவரின் பழத்தோட்டம். அதன் வழியே போய்வர நண்பர்கள் இருவரும் ஆண்டுக்கு ஒரு கினி கொடுத்து உரிமை வாங்கிக்கொண்டார்கள். தெருவைச் சுற்றிப் போகும் நேரம்கூட இல்லாமல் பேச வேண்டியது அவ்வளவு இருந்திருக்கிறது. 348 பாடல்கள் கொண்ட ‘ஓல்னி ஞானப்பாட்டுகள்’ அந்த நட்பில் பிறந்ததுதான். அதில் அறுபதுக்கும் மேற்பட்டவை கூப்பர் எழுதியவை.

1773 ஜனவரி 1 அன்று நியூட்டன் பிரசங்கித்த பகுதி 1 நாளாகமம் 17. தன்னைப் போன்ற ஒருவனைக் கர்த்தர் இவ்வளவு தூரம் கொண்டுவந்தாரே என்று தாவீது வியக்கும் இடம். ‘அமேசிங் கிரேஸ்’ அந்த ஆராதனைக்காக நியூட்டன் எழுதிய பாட்டு. அதே மாதத்தில் கூப்பரின் மனம் உடைந்தது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார், தனக்கு இனி மன்னிப்பே கிடையாது என்று அவர் உறுதியாக நம்பினார். ஆலயத்துக்குப் போவதையே விட்டுவிட்டார்.

பழத்தோட்டத்தின் இரு பக்கங்களையும் பாருங்கள். ஒரு பக்கம், மூன்று பயணங்களில் கேப்டனாக மனிதர்களைச் சங்கிலியில் கட்டி விற்கக் கொண்டுபோனவர். தான் மன்னிக்கப்பட்டதாக நம்புகிறார். மறுபக்கம், யாருக்கும் தீங்கு நினையாத கவிஞர். அவரால் நம்ப முடியவில்லை. குற்ற உணர்வின் பாரம் குற்றத்தின் அளவுக்குச் சரியாக இருப்பதில்லை. “ஆண்டவர் மன்னிச்சிட்டார்னு தெரியும், எனக்குத்தான் என்னை மன்னிக்கத் தெரியல” என்று எனக்கு எழுதும் வாசகர்களில் பலர் கூப்பரின் பக்கத்தில் இருப்பவர்கள். அவர்களுடைய விசுவாசம் குறைவு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கூப்பருக்கு இருந்தது நோய். 1763இலும் இதேபோல் நொறுங்கி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, செயின்ட் ஆல்பன்ஸில் டாக்டர் நத்தானியேல் காட்டனின் சிகிச்சையில் தேறியவர் அவர். ரோமர் நிருபத்தை வாசித்து மனந்திரும்பியதும் அந்த மருத்துவமனையில்தான்.

நியூட்டன் செய்த காரியம் என்னை உருக்குகிறது. 1773 ஏப்ரலில் குருமனைக்கு வந்த கூப்பர், தன் வீட்டுக்குத் திரும்ப மறுத்து, ஓராண்டுக்கும் மேல் அங்கேயே தங்கிவிட்டார். நியூட்டனும் மனைவி மேரியும் அவரை வைத்துப் பராமரித்தார்கள். மன்னிப்பைப் பற்றி ஊருக்கே பிரசங்கித்தவரின் வீட்டுக்குள், அதை நம்ப முடியாத ஒருவர் தினமும் உட்கார்ந்திருந்தார். அவர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை.

1774இல் வீடு திரும்பிய கூப்பருக்கு அக்கம்பக்கத்தார் காட்டுமுயல் குட்டிகளைக் கொடுத்தார்கள். பஸ், டைனி, பெஸ் என்று பெயர் வைத்தார்; அவற்றில் இரண்டு பெண் பெயர்கள், ஆனால் மூன்றுமே ஆண். அவரே மரக்கூண்டுகள் செய்தார். டைனி கடைசிவரை பழகாமல் உறுமி, முன்னங்கால்களால் அடிக்கும். பஸ்ஸோ தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கூப்பரின் முழங்காலில் கால்களால் தாளம் தட்டும். நோயுற்ற பஸ்ஸை அவர் கவனித்துக் காப்பாற்றியதும் உண்டு. 1784இல் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் இந்த முயல்களைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்ன மனிதர், ஒரு சிற்றுயிரின் பசியை நாள் தவறாமல் கவனித்தார். அதையும் கிருபை என்றே நான் எண்ணுகிறேன்.

கூப்பரின் மனம் கடைசிவரை முழுதாகத் தேறவில்லை; 1800இல் இறந்தார். ஆனால் 1788இல், நியூட்டன் அடிமை வியாபாரத்தைப் பற்றி வாய் திறந்த அதே ஆண்டில், கூப்பரும் அதற்கு எதிராகக் கவிதைகள் எழுதினார்.

உங்கள் வீட்டிலோ சபையிலோ கூப்பரைப் போல ஒருவர் இருந்தால், “இன்னும் ஜெபி, விசுவாசி” என்று சொல்லி அவர் பாரத்தைக் கூட்டாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கூடவே இருங்கள். மன்னிக்கப்பட்டதாக நம்பிய நியூட்டன், அந்த வியாபாரத்தின் கொடுமையை அச்சில் அறிக்கையிட புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள் ஏன் எடுத்துக்கொண்டார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.