வீட்டிலேயே செய்யும் விமானம்: எடைதான் முதல் கணக்கு

நெகிரி செம்பிலானில் நீலாய், லாபு தோட்டப்புறங்களில் வளரும் பிள்ளைகளுக்கு விமானம் புதிதல்ல. 1998ஆம் ஆண்டு பக்கத்திலுள்ள சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ. திறக்கப்பட்டது முதல், செம்பனைக்கு மேலே அது தாழ்ந்து போவதை அன்றாடம் பார்க்கிறார்கள். ஆனால், அதைச் செய்பவர்கள் வேறு யாரோ என்ற எண்ணம்தான் போகவில்லை.

கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் அசோக் தாமரக்ஷன், கோவிட் காலத்தில் இங்கிலாந்தில் தம் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு, நான்கு பேர் அமரும் விமானத்தைப் பொருத்தும் வேலையைத் தொடங்கினார். 2022இல் அது பறந்தது. பாகங்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து பெட்டிகளில் வந்தவை. அலுமினியத் தகடுகளை வெட்டித் துளையிட்டுத் தொழிற்சாலையே அனுப்பிவிடும். சேர்த்து ரிவிட் அடிப்பது வாங்கியவர் வேலை. செலவு ஏறக்குறைய 1,40,000 பவுன். ஏழைக்கு எட்டாத தொகைதான். ஆனால் அதற்குள் இருக்கும் கணக்கு யாருக்கும் எட்டும்.

சிறு விமானத்தில் எடை தனியாகக் கூடுவதில்லை. உடல் கனத்தால் பெரிய இறக்கை வேண்டும். இறக்கை கனத்தால் பெரிய இயந்திரம். அதற்கு அதிக எண்ணெய். எண்ணெய்க்கும் எடை உண்டு. ஆகவேதான் மெல்லிய அலுமினியம், கண்ணாடி இழை என்று தேடுகிறார்கள். பிரேசில் நாட்டு சந்தோஸ் துமோன் 1909இல் பாரிஸ் அருகே பறந்த சிறு விமானத்தின் உடற்பகுதிக்கு மூங்கிலையே பயன்படுத்தினார். அதன் வரைபடத்தையும் காப்புரிமை கேட்காமல் எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்.

எடை எங்கே இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். தோளில் கம்பு வைத்து முன்னும் பின்னும் பால் வாளி சுமந்த பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்வாளி கனத்தால் தோளைச் சற்று நகர்த்திச் சமாளிப்பார்கள். விமானத்தில் தோள் என்பது இறக்கை. அதை நகர்த்த முடியாது. பின்னால் மூட்டை கூடினால் மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். மூக்கைத் தாழ்த்த வாலுக்கு வலு போதாது. உயிர்கள் போவது இங்கேதான்.

அதனால் முதல் பயணத்துக்கு முன்பே மூன்று சக்கரங்களின் கீழும் தராசு வைத்து நிறுக்கிறார்கள். ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் நடுப்புள்ளி கிடைக்கும். ஆரம்பப் பள்ளிக் கணக்குதான்! அந்தப் புள்ளி, வடிவமைத்தவர் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். சாயம் பூசினால் மறுபடியும் நிறுக்க வேண்டும். சாயத்துக்கும் எடை உண்டு.