டம்ளருக்கு ஒரு சிட்டிகை போதாது

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் பல வீட்டு அலமாரிகளில் பாதி பிரித்து ரப்பர் பேண்ட் போட்ட ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று கிடக்கும். பிள்ளைக்கு வயிற்றால் போனால் டம்ளருக்கு ஒரு சிட்டிகை கலக்குவார்கள். ருசி பிடிக்கவில்லை என்று பிள்ளை முகம் சுளித்தால் மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை. அந்தத் தூள் வேலை செய்வதே அளவில்தான். ஏன் என்று புரிய, குடலின் செல் வரைக்கும் போக வேண்டும். போவோம்.

கொழுப்பாலான வேலி

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் ஒரு சவ்வு மூடியிருக்கிறது. கனம் 7 நானோமீட்டர் அளவுதான். லட்சம் சவ்வுகளை அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் தேறாது. இரண்டு வரிசையாகக் கொழுப்பு மூலக்கூறுகள், இடையிடையே புரதங்கள். அசையாத சுவரல்ல, இவையெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதை 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்ற இருவர் விளக்கினார்கள். ஆக்சிஜன் இந்தக் கொழுப்புக்குள் தானாகப் புகுந்துவிடும். உப்பாலும் சர்க்கரையாலும் அப்படிப் புக முடியாது. பாகூர் ஏரிக்குக் கரையும் மதகும் போலத்தான் இதுவும்: கொழுப்பு தடுக்கும், புரதம் வழிவிடும். ஆனால் ஒவ்வொரு மதகும் ஆள் பார்த்துத்தான் விடும்.

ஜோடியாக வந்தால்தான் உள்ளே

சிறுகுடலில் எஸ்.ஜி.எல்.டி.1 என்றொரு புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே இழுக்கும். குளுக்கோஸ் இல்லாமல் வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் இந்த வழி திறக்காது. இரண்டும் உள்ளே போய்விட்டால், உப்பு எங்கே அதிகமோ அங்கே தண்ணீரும் பின்னாலேயே போகும். சோடியமும் குளுக்கோஸும் இப்படிச் சேர்ந்து பயணிக்கின்றன என்று ராபர்ட் கிரேன் 1960இல் சொன்னார்.

காலரா நஞ்சு செய்வது வேறு. செல்லுக்குள்ளிருந்து குளோரைடு வெளியேறும் வழியை அது திறந்து விட்டுவிடுகிறது. தண்ணீர் குடலுக்குள் கொட்டுகிறது. ஆனால் எஸ்.ஜி.எல்.டி.1ஐ அது தொடுவதில்லை. ஒரு பக்கம் கொட்டிக்கொண்டிருக்க, மறுபக்கம் ஏற்றிக்கொண்டே இருக்கலாம். 1971இல் வங்காள எல்லையில், பன்கான் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் டிரம்களில் உப்பும் குளுக்கோஸும் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

காலரா பழைய கதை என்று நினைக்க வேண்டாம். நம் காரைக்காலிலேயே 2022 ஜூலையில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் பரவியது.

கஞ்சியில் இருக்கும் விஷயம்

பேதிக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுக்கும் பாட்டிகள் தப்புச் செய்யவில்லை. அரிசி மாவு குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாக உடைந்து அதே புரதத்தைத்தான் போய்ச் சேர்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ராமகிருஷ்ணா குழு இன்னும் ஒரு படி மேலே போனது. எளிதில் செரிக்காத சோள மாவை ஓ.ஆர்.எஸ்.ஸில் கலந்து கொடுத்தபோது காலரா நோயாளிகளின் பேதி குறைந்ததாக 2000இல் வெளியிட்டார்கள். சிறுகுடலில் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய், அங்கேயும் உப்பையும் நீரையும் உறிஞ்ச வைக்கிறது. பழைய சோற்றிலும் இப்படிப்பட்ட மாவு உண்டு என்பதற்காக, எந்தத் தண்ணீர் ஊற்றியது என்று தெரியாத பழைய சோற்றைப் பேதி நேரத்தில் கொடுக்க வேண்டாம். கஞ்சி புதிதாகக் காய்ச்சியதாக இருக்கட்டும்.

கலக்கும் முறை

பெரிய பாக்கெட்டில் இருப்பது 20.5 கிராம், அதற்கு 1 லிட்டர் தண்ணீர். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, எனவே பின்பக்கம் பார்த்துவிட்டுப் பிரியுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டும். கலந்தபின் சுடவைக்கக் கூடாது. 24 மணி நேரம் கழித்து மிஞ்சியதைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

தண்ணீர் குறைந்தாலோ சர்க்கரை கூடினாலோ குடலுக்குள் கரைசல் கெட்டியாகி, உடம்பிலிருக்கும் நீரைச் சவ்வு வழியாக வெளியே இழுக்கும். பேதி கூடும். கூல்டிரிங்ஸ் கொடுத்தாலும் இதே கதிதான்: சர்க்கரை ஏராளம், உப்பு பேருக்கு. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொண்டு கடைகளில் தொங்கிய இனிப்புப் பானங்களும் அந்த ரகம்தான். அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற பாக்கெட்டே போதும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினாலோ, ரத்தம் கலந்து போனாலோ, பிள்ளை குடிக்க முடியாமல் துவண்டாலோ வீட்டு வைத்தியம் போதாது; உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

சுகர் இருப்பவர்கள்

"எனக்குச் சுகர், இது குடிக்கலாமா?" என்று தயங்குபவர்கள் உண்டு. ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், பேதி நேரத்தில் குடிக்கலாம், சுகர் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று. இப்போது பலரும் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை, சிறுநீரகத்திலுள்ள எஸ்.ஜி.எல்.டி.2 என்ற சகோதரப் புரதத்தை அடைத்து, சர்க்கரையைச் சிறுநீரில் போகவிடுகிறது. கூடவே நீரும் போகும். பேதியோ வாந்தியோ வந்த நாட்களில் அந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று உங்கள் டாக்டரிடம் அன்றைக்கே கேளுங்கள். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஓ.ஆர்.எஸ். எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.