மூன்று நாடுகள், ஓர் ஏரி: கான்ஸ்டன்ஸ் ஏரி வட்டாரம்

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் வடபுற அடிவாரத்தில், ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளும் கூடுமிடத்தில் கான்ஸ்டன்ஸ் ஏரி அமைந்துள்ளது. ஜெர்மன் மொழியில் இதற்குப் போடன்சே என்று பெயர். கடல் மட்டத்திலிருந்து 395 மீட்டர் உயரத்தில், 63 கிலோ மீட்டர் நீளமும் 536 சதுர கிலோ மீட்டர் பரப்பும் கொண்ட இந்த ஏரியின் மிக ஆழமான இடம் 251 மீட்டர். ஸ்விஸ் மலைகளில் பிறக்கும் ரைன் ஆறு தென்கிழக்கு மூலையில் ஏரிக்குள் புகுந்து, மேல் ஏரி, கீழ் ஏரி என்னும் இரு பகுதிகளையும் கடந்து, ஸ்டைன் ஆம் ரைன் என்ற சிற்றூருக்கு அருகே மீண்டும் ஆறாக வெளியேறுகிறது. 273 கிலோ மீட்டர் நீளமுள்ள கரையில் 173 கிலோ மீட்டர் ஜெர்மனியைச் சேர்ந்தது. 72 கிலோ மீட்டர் ஸ்விட்சர்லாந்துக்கும் 28 கிலோ மீட்டர் ஆஸ்திரியாவுக்கும் உரியவை.

நடந்தும், மிதிவண்டியிலும், படகிலுமாக இந்த வட்டாரத்தைச் சுற்றிப் பார்ப்போர் ஆண்டுதோறும் பெருந்திரளாக வருகின்றனர். இயற்கை அழகு அதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அழகிய ஏரிகள் உலகில் பல உள. அவற்றுள் நாசமானவையும் பல. இந்த ஏரியும் 1970-களில் அந்த நிலையை நெருங்கியிருந்தது. அதனின்றும் எவ்வாறு மீண்டது, மீட்சிக்கு யார் விலை கொடுத்தனர் என்பனவே வளர்ச்சிப் பிரச்சினைகளில் நாட்டமுடையோர் கருதத்தக்கவை.

எல்லைக்கோடு இல்லாத நீர்ப்பரப்பு

மேல் ஏரியில் மூன்று நாடுகளும் ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் இன்று வரை வரையறுக்கப்படவில்லை. ஏரியின் நடுவே எல்லை செல்கிறது என்பது ஸ்விட்சர்லாந்தின் கருத்து. கரையோரப் பகுதி நீங்கலாக ஆழ்நீர்ப் பரப்பு முழுவதும் மூவருக்கும் பொது என்பது ஆஸ்திரியாவின் கொள்கை. ஜெர்மனி இதில் திட்டவட்டமான நிலை எதையும் மேற்கொள்ளவில்லை. நம் நாட்டுச் சட்ட வல்லுநர்களுக்கு இது வியப்பளிக்கலாம். வழக்கு மன்றத்துக்குச் செல்லாமல், மீன்பிடிப்பு, கப்பல் போக்குவரத்து, நீர்த் தூய்மை என ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி உடன்படிக்கை செய்துகொண்டு காரியத்தை நடத்தி வருகின்றனர். எடுத்துக்காட்டாக, ஏரியில் செல்லும் படகுகளுக்கான பொது விதிகள் 1976 முதல் நடைமுறையில் உள்ளன. விசைப்படகுகளின் புகைக்கு வரம்பு விதிக்கும் விதிகள் 1993-இல் சேர்க்கப்பட்டன.

நிலத்தில் எல்லை உண்டு. ஆனால் பயணிக்கு அது பெரும்பாலும் புலப்படுவதில்லை. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரும் ஸ்விட்சர்லாந்தின் க்ரோய்ட்ஸ்லிங்கன் நகரும் தெருவோடு தெருவாக ஒட்டியவை. ஏரிக்கரையில் இவற்றைப் பிரித்திருந்த கம்பிவேலி 2006-இல் அகற்றப்பட்டு, அவ்விடத்தில் 22 சிற்பங்கள் நிறுத்தப்பட்டன. 2008 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்து ஷெங்கன் ஏற்பாட்டில் இணைந்த பின் கடவுச்சீட்டுச் சோதனையும் நின்றது. 2020-ஆம் ஆண்டின் கொரோனா நோய்ப் பரவலின்போது மட்டும் அதே இடத்தில் மீண்டும் வேலி எழுந்தது. சில வாரங்களுக்கு இரு நகரத்தாரும் வேலிக்கு இருபுறமும் நின்றே பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கரையைச் சுற்றும் வழிகள்

ஏரியில் முதல் நீராவிக் கப்பல் 1824-இல் ஓடத் தொடங்கியது. கான்ஸ்டன்ஸுக்கும் எதிர்க்கரையிலுள்ள மேர்ஸ்பர்க்குக்கும் இடையே மோட்டார் வாகனங்களை ஏற்றிச் செல்லும் கப்பல் சேவை 1928 முதல் நடைபெறுகிறது. கால் மணி நேரத்தில் அக்கரை சேர்க்கும் இந்தச் சேவை இரவு பகலாக உண்டு. இதை நடத்துவது கான்ஸ்டன்ஸ் நகராட்சியின் நிறுவனம். ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனிலிருந்து ஸ்விஸ் கரையிலுள்ள ரோமான்ஸ்ஹோர்னுக்கும் வாகனக் கப்பல் செல்கிறது. 1913-இல் கட்டப்பட்ட ஹோஹென்ட்வீல் என்னும் துடுப்புச் சக்கரக் கப்பல் பழுது பார்க்கப்பட்டு 1990 முதல் மீண்டும் உலவுகிறது.

மிதிவண்டிப் பாதை ஏரியை முழுமையாகச் சுற்றி வருகிறது. ஏறத்தாழ 260 கிலோ மீட்டர் நீளமுள்ள இப்பாதை பெரும்பாலும் மேடு பள்ளமின்றி, ஆப்பிள் தோட்டங்கள், திராட்சைக் கொடிச் சரிவுகள், நாணற் படுகைகள், பழைய மதில் நகரங்கள் ஆகியவற்றினூடே செல்கிறது. முழுச் சுற்றுக்கு ஒரு வாரம் செலவிடுவோர் பலர். களைத்தவர் வண்டியைக் கப்பலிலோ ரயிலிலோ ஏற்றி மீதியைக் கடக்கலாம். இவ்வசதியின் பொருளாதாரப் பயன் சிறிதன்று. காரில் வந்து மாலையில் திரும்பும் பயணி விட்டுச் செல்வது நெரிசலும் புகையும். மிதிவண்டிப் பயணியோ ஒவ்வோர் இரவும் ஒரு சிற்றூரில் தங்கி, அங்கேயே உண்டு, அவ்வூர்க் கடையில் பழம் வாங்குகிறார். தங்குவோரிடம் நாளொன்றுக்குச் சிறு கட்டணம் வசூலித்து, பதிலுக்குப் பேருந்துகளில் இலவசமாகச் செல்லும் அட்டையை வழங்கும் முறை பல ஊர்களில் உள்ளது. எனினும் கோடை விடுமுறையில் குறுகிய கரைப் பாதைகளில் நடப்போருக்கும் மிதிவண்டியினருக்கும் உரசல் ஏற்படுவதையும் மறுப்பதற்கில்லை.

நடப்பவருக்குக் கிட்டுவது வேறு வகைக் காட்சி. ஆஸ்திரியக் கரையின் ப்ரெகன்ஸ் நகருக்குப் பின்னால் 1,064 மீட்டர் உயரமுள்ள ஃபேண்டர் குன்று நிற்கிறது. 1927 முதல் அதற்குக் கம்பிவட ஊர்தி இருப்பினும், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நடந்தே உச்சியை அடைவோரும் உண்டு. அங்கிருந்து ஏரி முழுவதும் ஒரு வரைபடம் போல் தெரியும். மேற்கே ரைஷெனாவ் தீவு: 724-இல் நிறுவப்பெற்ற மடத்தின் காரணமாக 2000-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. நெட்டிலிங்கம் போல் உயர்ந்த பாப்லர் மரங்கள் அணிவகுத்த தாம்போதி வழியே தீவுக்குள் நுழைபவர் முதலில் காண்பவை காய்கறி வயல்களும் கண்ணாடிக் கூடங்களுமே. அருகிலுள்ள வோல்மாட்டிங்கன் சதுப்பு நிலத்தில் பறவைகளைக் காக்கும் பொருட்டு, வழிகாட்டியுடன் குழுவாகச் செல்வோரே உள்ளே அனுமதிக்கப்படுகின்றனர். ஆஸ்திரியப் பகுதியிலுள்ள ரைன் கழிமுகம் 1982 முதல் ராம்சார் உடன்படிக்கையின் பாதுகாப்புப் பெற்றது.

நீர் கெட்டதும் தெளிந்ததும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரையோர நகரங்கள் வேகமாக வளர்ந்தன. வீட்டுக் கழிவு நீர், சலவைத் தூள், வயல்களில் இட்ட உரம் ஆகியவற்றின் வழியாகப் பாஸ்பரஸ் ஏரியில் சேர்ந்தது. 1950-களின் தொடக்கத்தில் லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்த அதன் அளவு, 1979-இல் 80-ஐத் தாண்டியது. பாஸ்பரஸ் பாசிக்கு உணவு. பெருகிய பாசி மடிந்து அடியில் படிந்து மக்கும்போது ஆழ்நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். அது தீர்ந்தால் அடியில் இடப்படும் மீன் முட்டைகள் பிழையா. சேற்றில் அடைபட்டிருக்கும் பாஸ்பரஸும் மீண்டும் நீரில் கலக்கும். அந்தக் கட்டத்தை அடைந்த ஏரியை மீட்பது அரிது.

இங்கே ஒரு பொருளாதாரச் சிக்கல் இருந்தது. ஓர் ஊர் தன் கழிவைச் சுத்திகரித்தால் செலவு அவ்வூருடையது. பயனோ மூன்று நாடுகளுக்கும் உரியது. எனவே பிறர் முதலில் செய்யட்டும் என ஒவ்வொருவரும் காத்திருப்பதே இயல்பு. இதனை உணர்ந்து, கரையை ஒட்டிய அரசுகள் 1959-இல் ஒரு பன்னாட்டு நீர்ப் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்து, 1960-இல் உடன்படிக்கையும் செய்துகொண்டன. அதில் ஒப்பமிட்டோர் ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து ஆகிய நாடுகளோடு பாடன்-வுர்ட்டம்பர்க், பவேரியா ஆகிய ஜெர்மானிய மாநிலங்களுமாவர். ஆணையம் தானாக எதையும் கட்டுவதில்லை. ஏரியை அளந்து, ஒரே மாதிரியான தர விதிகளை வகுத்துப் பரிந்துரைக்கிறது. நிறைவேற்றும் பொறுப்பு அந்தந்த அரசுக்குரியது. அளவீடுகள் அனைவருக்கும் பொதுவாயிருந்தமையால், பழியை மற்றவர்மேல் போடும் வாய்ப்புக் குறைந்தது.

ஏரியின் வடிநிலம் முழுவதிலும் 200-க்கும் மேற்பட்ட கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் உருவாயின. இவற்றுக்கும் கழிவு நீர்க் குழாய்களுக்குமாக 400 கோடி யூரோவுக்கு மேல் செலவாயிற்று. சலவைத் தூளில் பாஸ்பேட் சேர்ப்பதை ஸ்விட்சர்லாந்து 1986-இல் அறவே தடை செய்தது. ஜெர்மனி அதற்கு வரம்பு விதித்தது. இன்று பாஸ்பரஸ் அளவு மீண்டும் பத்து மைக்ரோகிராமுக்கும் கீழே நிற்கிறது.

இத்தனை செலவுக்கு இணங்கச் செய்ததில் குடிநீரின் பங்கு பெரிது. ஸிப்லிங்கனுக்கு அருகே 60 மீட்டர் ஆழத்தில் எடுக்கப்படும் நீர், குன்றின் மேல் ஏற்றப்பட்டு, 1958 முதல் ஸ்டுட்கார்ட் உள்ளிட்ட தொலைவிலுள்ள நகரங்களுக்கும் குழாய் வழியே செல்கிறது. இன்று ஏறத்தாழ 40 லட்சம் மக்கள் அதனைப் பருகுகின்றனர். ஏரியைப் பார்த்தேயிராத நகரவாசிக்கும் அதன் தூய்மையில் அக்கறை ஏற்பட்டது. இந்தியாவில் 2001-இல் தொடங்கிய தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் தால் ஏரி போன்றவற்றுக்கு நிதி ஒதுக்கப்பட்டதை வாசகர் அறிவர். பழவேற்காடு ஏரியைப் போல் இரு மாநிலங்களில் பரந்து கிடக்கும் நீர்நிலைகளுக்கு, நிதியினும் பொது அளவீடே முதல் தேவை எனத் தோன்றுகிறது.

மீனவர் கேட்கும் கேள்வி

பாசி குறைந்தால் அதை உண்ணும் நுண்ணுயிர்கள் குறையும். அவற்றை உண்ணும் மீனும் குறையும். ஃபெல்ஷன் எனப்படும் வெண்மீனே இங்குள்ள மீனவரின் முக்கிய வருவாய். நீர் அழுக்காயிருந்த காலத்தில் வலை நிறைந்தது. தெளிந்தபின் வலை இளைத்தது. போதாக்குறைக்கு, 2010-களில் முள்முதுகு மீன் என்னும் சிறு மீனினம் திடீரெனப் பெருகி வெண்மீனின் இரையையும் குஞ்சுகளையும் தின்னத் தலைப்பட்டது. நீர்க்காகங்களும் பெருகின. கருங்கடல் பகுதியைச் சேர்ந்த குவாக்கா சிப்பி 2016-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ணும் இச்சிப்பி, குடிநீர்க் குழாய்களிலும் ஒட்டிக்கொண்டு கூடுதல் செலவை உண்டாக்குகிறது.

சுத்திகரிப்பைச் சற்றுத் தளர்த்திப் பாஸ்பரஸ் அளவைச் சிறிது உயர விடலாகாதா என்று மீனவர்கள் பலமுறை கேட்டனர். அரசுகள் இணங்கவில்லை. குடிநீரைக் கருதினால் அம்முடிவு சரியானதே. கோடை வெப்பம் கூடி, குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழிறங்கி ஆழத்துக்குப் பிராணவாயுவைக் கொண்டுசெல்லும் இயல்பான சுழற்சி தளர்ந்து வரும் நிலையில், கையிருப்பாக உள்ள தூய்மையைச் செலவிடுவது விவேகமாகாது. ஆனால் நூறாயிரக்கணக்கானோர் அனுபவிக்கும் நன்மைக்கான இழப்பு ஒரு சிறு தொழிற் பிரிவினர் மீது மட்டும் விழுந்திருக்கிறது என்பதும் உண்மை. பாதையிட்டவருக்கும் விடுதி நடத்துவோருக்கும் தெளிந்த நீர் வருவாய் தருகிறது. அந்த வருவாயில் வலை வீசுவோருக்குப் பங்கு கிடையாது.

2024 தொடக்கத்தில், மேல் ஏரியில் வெண்மீன் பிடிப்பது மூன்றாண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டது. தொழில்முறை மீனவர் தொகை நூற்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. எஞ்சியோரில் சிலர் மீன் உணவகமும் விடுமுறை அறைகளும் நடத்திப் பிழைக்கின்றனர். கரையோர விடுதிகளின் உணவுப் பட்டியலில் வெண்மீன் இன்றும் உள்ளது. அதில் பெரும்பகுதி வேறு நாட்டு ஏரிகளில் பிடிக்கப்பட்டு, பனிக்கட்டியில் வைத்து லாரிகளில் வருவது.