ஒரே தழை, இரு விளைவுகள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வானம் பார்த்த சிற்றூர் ஒன்றில் குடும்பத் தலைவி ஒருவரை அண்மையில் சந்தித்தோம். நான்கு ஆடுகளும் ஒரு கூண்டு முயல்களும் வளர்த்து, அவ்வருவாயைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். அன்று அவர் முகம் வாடியிருந்தது. முயல்களின் மயிர் கொத்துக் கொத்தாய் உதிர்ந்துகொண்டிருந்தது. "ஆட்டுக்கும் இதே தழைதாங்க ஐயா போடுறேன். அதுங்க நல்லாத்தான் இருக்கு. யாரு கண்ணு பட்டுச்சோ!" என்று பெருமூச்செறிந்தார்.

அவர் காட்டியது, வேலியோரம் செழித்திருந்த சூபாபுல். சவுண்டல் என்றும் சொல்வர். மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். வறட்சியைத் தாங்கிப் புரதம் மிக்க தழை தரும் இம்மரத்தை நம் நாட்டு உழவரிடையே பரப்பியவர்களுள் முதன்மையானவர், 1982-ல் மகசேசே விருது பெற்ற மணிபாய் தேசாய்.

இத்தழையில் 'மிமோசின்' என்னும் அமினோ அமிலம் உண்டு. தொட்டாற்சுருங்கியிலும் இது உள்ளது. அச்செடியின் தாவரவியற் பெயரான மிமோசாவே இதற்குப் பெயராயிற்று. மயிர், நகம், குளம்பு, கொம்பு யாவும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. மயிர்க்காலின் அடியிலுள்ள செல்கள் ஓயாது பெருகினால்தான் மயிர் வளரும். மிமோசின் அப்பெருக்கத்தைத் தடுத்துவிடுகிறது. கட்டிய சுவரை அது இடிப்பதில்லை. செங்கல் அறுப்போரின் கையைக் கட்டிவிடுகிறது. எனவே மயிர் நலிந்து உதிர்கிறது. கத்தரிக்கோலின்றிச் செம்மறியின் கம்பளியைக் களைய இதனைப் பயன்படுத்தலாமா என்று 1970-களில் ஆஸ்திரேலிய அறிஞர்கள் ஆராய்ந்ததும் உண்டு.

அவ்வாறாயின் ஆடுகள் தப்பியது எவ்வாறு? ஹவாய்த் தீவில் இத்தழையைத் தின்றும் ஆடுகள் நலமாயிருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் கவனித்தார். அவற்றின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், மிமோசினிலிருந்து உண்டாகும் நச்சுப்பொருளையும் சிதைத்துவிடுகின்றன எனக் கண்டறிந்தார். 1992-ல் அந்நுண்ணுயிருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அசைபோடாத முயலுக்கும் பன்றிக்கும் குதிரைக்கும் இத்துணை வாய்க்கவில்லை.

அசைபோடும் கால்நடைகளுக்கும் அளவு தேவை. அந்நுண்ணுயிர் எல்லா மந்தைகளிலும் இருப்பதில்லை. அஃது இல்லாவிடில் கழுத்துக்கழலை தோன்றி உடல் மெலியும். ஆகவே, ஆடுமாடுகளின் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இத்தழை வேண்டாம். மற்ற பங்குக்குப் புல்லும் வைக்கோலும் பிற தழைகளும் இடலாம். இளந்தளிரில் நஞ்சு மிகுதி. தழையை வெயிலில் உலர்த்தினால் நஞ்சு ஓரளவு குறையும். முயலுக்கோ இதனைத் தவிர்ப்பதே நன்று.

இவற்றை அப்பெண்மணியிடம் எடுத்துரைத்தோம். மரத்தை வெட்டிவிட எண்ணியிருந்தவர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். முயலுக்கு அறுகம்புல்லை இட்டார். சில வாரங்கள் கழித்துச் சென்றபோது முயல்களின் உடலில் புதுமயிர் அரும்பியிருந்தது. அயலார் எவர் மீதும் அவருக்கு மனக்கசப்பு எஞ்சியிருக்கவில்லை. நாம் மகிழ்ந்தது அதற்காகவே.