பதில் வராத காதல்

பிரிந்தவரை மறக்க முடியாமல் தவிப்பவரிடம் “மனசைத் திடப்படுத்திக்கோ” என்கிறோம், ஏதோ அது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் என்பதுபோல. மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷர் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. காதலர் கைவிட்டும் காதல் தணியாத 15 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அந்தக் காதலரின் புகைப்படத்தைக் காட்டினார்கள். நடுநடுவே நினைப்பைக் கலைக்க, ஒரு பெரிய எண்ணிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். படத்தைக் கண்டதும் விழித்துக்கொண்டவற்றில் கொக்கெயின் ஏக்கத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளும் இருந்தன. ஆள் போய்விட்டார் என்பது அறிவுக்குத் தெரியும். எதிர்பார்ப்புக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. நள்ளிரவில் அவருடைய வாட்ஸ்அப் படம் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் விரல் அதற்குத்தான் தீனி போடுகிறது.

15 பேரை வைத்து உலகத்தை அளக்கலாமா? கூடாதுதான். ஆனால் பிரிந்து நாளாக ஆக, பிணைப்போடு தொடர்புள்ள ஒரு பகுதியின் செயல்பாடு குறைந்திருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. சரி, ஆறாமலே இருந்தால் அதுதான் உண்மைக் காதலா? நம் சினிமா அப்படித்தான் சொல்லும். எனக்கு உடன்பாடில்லை. ஏனென்றால், முகத்துக்கு நேரே மறுத்தவரைவிட, பிடிகொடுக்காமல் சிரித்துவிட்டுப் போனவரே மனதில் அதிக நாள் தங்குகிறார். இந்த நிலைக்கு ‘லிமரன்ஸ்’ என்று பெயரிட்ட உளவியலாளர் டோரதி டென்னவும் நிச்சயமின்மையே அதை வளர்க்கிறது என்றார். தமிழில் ஒருதலைக் காதலுக்குப் பெயர் எப்போதோ வைத்தாயிற்று: கைக்கிளை. சோழன் கோப்பெருநற்கிள்ளி மீது சங்கப் புலவர் நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்கள் அந்தத் திணையில்தான் இருக்கின்றன, அதுவும் புறநானூற்றில்.